பெயர் சரி, கேட்ட இடம் தவறு

ஊழியர்களின் சம்பளக் கணக்கைக் காட்டும் ஒரு ஜாவா வலைச் செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் தெரியும் பகுதியும் பின்னாலிருந்து கணக்குப் போடும் பகுதியும் வைல்ட்ஃப்ளை என்ற ஒரே சர்வருக்குள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் கூடினார்கள், சுமையும் கூடியது. திரைப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வேறொரு கணினியில் இருக்கும் டாம்கேட் சர்வரில் டெப்ளாய் செய்தார்கள். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அன்றே லாக் கோப்பில் ஒரு வரி வந்து நின்றது: நீங்கள் கேட்ட பெயர் இங்கே இல்லை.

இந்த வரியைக் கண்டதும் கை தானாகப் பெயரைத்தான் சரிபார்க்கப் போகும். எழுத்துப் பிழையா, சின்ன எழுத்தா பெரிய எழுத்தா, சாய்கோடு ஒன்று விட்டுப்போயிற்றா? இப்படிப் பெயரையே உற்றுப் பார்த்து விடிந்த இரவுகள் எனக்கும் உண்டு. பல நேரங்களில் பெயரில் குற்றமே இருக்காது. அதை யாரிடம் கேட்டோம் என்பதில்தான் பிழை ஒளிந்திருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

கணினிகளுக்கு எண் போதும், பெயர் தேவையில்லை. பெயர் நமக்காக வந்தது. எண் மாறும், இடம் மாறும். அழைக்கிற பெயர் மட்டும் மாறாமல் இருக்க வேண்டும். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்ற கணினிகள் அங்கிருந்து நகலெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. 1983 நவம்பரில் பால் மொகாபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையின் முதல் ஆவணங்களை வெளியிட்டார். பட்டியல் ஒரே இடத்தில் இருக்கத் தேவையில்லை, அவரவர் பகுதிக்கு அவரவர் பதில் சொல்லலாம் என்பதே அதன் சாரம். அந்தப் பழைய கோப்பு முற்றிலும் மறையவும் இல்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பு என்ற பெயரில் ஒவ்வொரு கணினியிலும் சிறியதாக இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதன் வேலையைப் பின்னால் பார்ப்போம்.

ஜாவா உலகத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருந்தது. பெயரைச் சொன்னால் எண் வந்தால் போதாது. வேலை செய்யும் பொருளே கையில் வர வேண்டும். டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு, செய்தி வரிசை, தொலைவில் இருக்கும் சர்வரில் கணக்குப் போடும் ஒரு பீன் என எதுவாகவும் அந்தப் பொருள் இருக்கலாம். இதற்காக சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கியது ஜேஎன்டிஐ. 2000-இல் வந்த ஜாவா 1.3 முதல் அது ஜாவாவின் நிலையான பகுதியாகவே இருக்கிறது.

ஜேஎன்டிஐ தன்னிடம் எந்தப் பட்டியலையும் வைத்துக்கொள்வதில்லை. கேட்கும் முறையை மட்டுமே அது வகுத்திருக்கிறது. பதில் சொல்வது வேறு யாரோ: எல்டாப் சர்வராக இருக்கலாம், டிஎன்எஸ் ஆக இருக்கலாம், ஆர்எம்ஐ ரெஜிஸ்ட்ரியாக இருக்கலாம், டாம்கேட் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் சின்ன மரமாகவும் இருக்கலாம். யாரிடம் கேட்பது என்பதை 'இனிஷியல் கான்டெக்ஸ்ட் ஃபேக்டரி' என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. அவர் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்வது 'புரொவைடர் யூஆர்எல்'. நிரலில் 'லுக்கப்' செய்யும், அதாவது பெயரைக் கேட்கும் வரி என்னவோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த வரியைப் பார்த்து, பதில் சொல்லப்போவது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

உறவுப் பெயரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். "இந்தப் பையை அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வா" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சிறுவனை அனுப்புகிறார். அவர் மனதில் இருப்பது தன் அத்தை. சிறுவன் தன் அத்தை வீட்டுக்குப் போய்ப் பையைக் கொடுத்துவிட்டு வருவான். இருவர் மேலும் தவறில்லை. 'அத்தை' என்பது சொல்பவரைப் பொறுத்துப் பொருள் மாறும் பெயர். ஜாவாவில் 'ஜாவா:காம்ப்/என்வ்' என்று தொடங்கும் பெயர்கள் முழுக்க இந்த வகை. ஒரே சர்வரில் ஓடும் இரண்டு செயலிகள் இதே முன்னொட்டோடு ஒரே பெயரைக் கேட்டால் இரண்டுக்கும் வெவ்வேறு டேட்டாபேஸ் கிடைக்கலாம். அப்படிக் கிடைக்க வேண்டும் என்றே வடிவமைத்திருக்கிறார்கள்.

2009 டிசம்பரில் வந்த ஜாவா இஇ 6, 'ஜாவா:குளோபல்' என்ற முன்னொட்டை நிலையானதாக்கியது. பெயரைப் பார்த்தால் உலகம் முழுவதுக்கும் பொது என்று தோன்றும். உண்மையில் அந்த உலகம் ஒரு சர்வரோடு முடிந்துவிடுகிறது. நம் சம்பளச் செயலி பீனைத் தேடியது இந்த முன்னொட்டோடுதான். வைல்ட்ஃப்ளைக்கு உள்ளே இருந்தவரை அந்தப் பெயருக்குப் பொருள் இருந்தது. டாம்கேட்டுக்குக் குடிபோனதும், அதே பெயரை டாம்கேட்டிடம் கேட்கத் தொடங்கியது. டாம்கேட் தன் மரத்தில் தேடிப் பார்த்து, இல்லை என்று நேர்மையாகப் பதில் சொன்னது.

பிழைச் செய்தியைக் கடைசிச் சொல் வரை படித்தால் இது அதிலேயே தெரியும். இன்ன பெயர் இந்தச் சூழலில் கட்டப்படவில்லை என்று சொல்லிவிட்டு, எந்தத் துண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் டாம்கேட் சேர்த்தே சொல்கிறது. இங்கே அது குறிப்பிட்ட துண்டு, பீனின் பெயர் அல்ல. முதல் துண்டான 'குளோபல்'. வாசற்படியிலேயே தடுக்கிவிட்டது என்று பொருள். பெயரின் கடைசித் துண்டு மட்டும் கிடைக்கவில்லை என்றால் எழுத்துப் பிழையைத் தேடலாம். முதல் துண்டே கிடைக்கவில்லை என்றால் நாம் நிற்பது வேறு வீட்டில்.

சரி, வைல்ட்ஃப்ளையிடம் கேள் என்று சொல்லிவிடலாம். பலரும் முதலில் செய்வது, ஜேஎன்டிஐ-க்கான பிராப்பர்ட்டீஸ் கோப்பு ஒன்றை எழுதி, அதில் வைல்ட்ஃப்ளையின் ஃபேக்டரியையும் முகவரியையும் குறித்து, செயலியின் கிளாஸஸ் கோப்புறையில் வைப்பது. தனியாக ஓடும் ஜாவா நிரலில் இது அழகாக வேலை செய்யும். டாம்கேட்டில் செய்யாது. அந்தக் கோப்பை இரண்டு நாள் திருத்தித் திருத்திப் பார்ப்பார்கள், எந்த மாற்றமும் தெரியாது. காரணம் முன்னுரிமை வரிசை. நிரல் நேரடியாகக் கையில் கொடுக்கும் அமைப்புகளுக்கு முதல் இடம். அடுத்து சிஸ்டம் பிராப்பர்ட்டி. கோப்பில் எழுதியது அதற்கும் பிறகு. டாம்கேட் எழுந்திருக்கும்போதே, ஃபேக்டரி என்பது தன்னுடைய ஃபேக்டரிதான் என்று சிஸ்டம் பிராப்பர்ட்டியில் எழுதிவிடுகிறது. நம் கோப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதன் முறை வருவதே இல்லை. இதை அறியாமல் வீணான மனித நேரத்தை எண்ணிப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி இது. செய்ய வேண்டியது, லுக்கப் செய்யும் இடத்தில் ஃபேக்டரியையும் முகவரியையும் ஒரு ஹாஷ்டேபிளில் போட்டு, இனிஷியல் கான்டெக்ஸ்ட்டை உருவாக்கும்போதே கையில் கொடுப்பது.

அப்படிக் கொடுத்ததும் பிழை மாறும். பிழை மாறுவது நல்ல செய்தி, ஒரு படி ஏறியிருக்கிறோம். இப்போது ஃபேக்டரி கிளாஸை உருவாக்க முடியவில்லை என்று வரும். கேட்கப்போகும் ஆளின் பெயர் தெரிந்துவிட்டது, ஆனால் அவரோடு பேசுவதற்கான மொழி டாம்கேட்டிடம் இல்லை. வைல்ட்ஃப்ளை நிறுவலின் பின் கோப்புறைக்குள் கிளையன்ட் என்ற உட்கோப்புறையில் அதற்கான ஜார் கோப்பு இருக்கிறது. அதைச் செயலியோடு சேர்க்க வேண்டும். அதையோ பீனின் இன்டர்ஃபேஸ் இருக்கும் ஜாரையோ டாம்கேட்டின் பொது லிப் கோப்புறையிலும், செயலியின் சொந்த லிப் கோப்புறையிலும் இரண்டு பிரதியாகப் போட்டுவிடக் கூடாது. ஜாவாவில் ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டுமன்று. அதை ஏற்றிய கிளாஸ் லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். பீனின் இன்டர்ஃபேஸ் இரண்டு இடத்திலிருந்து ஏறிவிட்டால், இன்ன கிளாஸை இன்ன கிளாஸாக மாற்ற முடியாது என்று, இரண்டு பக்கமும் அச்சு மாறாமல் ஒரே பெயரைப் போட்டு ஒரு பிழை வரும். முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

ஜார் சேர்த்தாயிற்று, முகவரி கொடுத்தாயிற்று. இன்னும் அதே பழைய பிழை, 'குளோபல்' கிடைக்கவில்லை! இந்த இடத்தில்தான் அனுபவம் உள்ளவர்களே திகைத்து நிற்பார்கள். பெயரின் தொடக்கத்தில் முக்காற்புள்ளியோடு ஒரு முன்னொட்டு இருந்தால், ஜேஎன்டிஐ நாம் கொடுத்த ஃபேக்டரியிடம் முதலில் போவதில்லை. அந்த முன்னொட்டுக்கு உரியவர் யார் என்று தேடி, கிடைத்தால் அவரிடம் போகிறது. 'ஜாவா:' என்ற முன்னொட்டுக்கு உரியவர் தானே என்று டாம்கேட் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிறது. ஆகவே வைல்ட்ஃப்ளையின் முகவரியை எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் இந்தக் கேள்வி அந்தக் கணினியை விட்டு வெளியேறுவதே இல்லை. டிசிபி-டம்ப் போட்டுப் பார்த்தால் வைல்ட்ஃப்ளையை நோக்கி ஒரு பாக்கெட்டும் போயிருக்காது. அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் நிரலாளர்கள் நெட்வொர்க் பக்கம் எட்டிப் பார்க்கத் தயங்குகிறார்கள், ஏனென்று எனக்கு இன்றும் புரியவில்லை.

வைல்ட்ஃப்ளை தன் பெயர்களில் ஒரு பகுதியை மட்டுமே வெளியாருக்குத் திறந்து வைத்திருக்கிறது. அந்தப் பகுதியின் பெயர் 'ஜாவா:ஜேபாஸ்/எக்ஸ்போர்ட்டட்'. வெளியிலிருந்து கேட்பவர் இந்த முன்னொட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வருவதை மட்டும் கேட்க வேண்டும். செயலி டெப்ளாய் ஆகும்போதே, ஒரு பீனுக்கு எந்தெந்தப் பெயர்கள் கட்டப்பட்டன என்று வைல்ட்ஃப்ளை தன் லாக்கில் வரிசையாக எழுதிவிடுகிறது. அங்கிருந்து நகலெடுப்பதே நல்லது. நினைவிலிருந்து பெயரைக் கட்டி எழுதுவதை நான் நிறுத்திப் பல காலம் ஆயிற்று. பட்டியலில் எக்ஸ்போர்ட்டட் வரி இல்லையென்றால், அந்த பீனுக்கு ரிமோட் இன்டர்ஃபேஸ் அறிவிக்கப்படவில்லை. டாம்கேட் பக்கம் எதைத் திருத்தியும் பயனில்லை.

முன்னொட்டை நீக்கியதும் கேள்வி முதல் முறையாக வெளியே போகிறது. போய், இணைப்பு மறுக்கப்பட்டது என்று திரும்புகிறது. வைல்ட்ஃப்ளை இயல்பாக 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே காது கொடுக்கும். தன் கணினிக்குள்ளிருந்து வரும் குரலை மட்டும் கேட்பேன் என்று பொருள். வெளியாரும் பேச வேண்டுமானால், எந்த முகவரியில் கேட்பது என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். போர்ட் எண்ணும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. வைல்ட்ஃப்ளையின் முன்னோடியான ஜேபாஸ் 4, 5 காலத்தில் 1099. ஜேபாஸ் ஏஎஸ் 7-இல் 4447. வைல்ட்ஃப்ளை வந்ததும் வலைப்பக்கங்களுக்கான 8080 போர்ட்டிலேயே இதையும் சேர்த்துவிட்டார்கள். முகவரியின் முன்னால் வரும் நெறிமுறைப் பெயரும் கூடவே மாறியது. இணையத்தில் கிடைத்த பதில் எந்தக் காலத்தது என்று பார்க்காமல் ஒட்டிய வரிகள் பல நிறுவல்களில் அப்படியே கிடக்கின்றன.

இணைப்பு கிடைத்ததும் இன்னொரு தடை: அடையாளம் காட்டு என்கிறது வைல்ட்ஃப்ளை. இரண்டு சர்வரையும் சொந்தக் கணினியில் வைத்துச் சோதித்தபோது கடவுச்சொல் கேட்கவே இல்லையே என்று நிரலாளர் சொல்வார், அது உண்மையும்கூட. ஒரே கணினியில் இருப்பவர்களுக்கு வைல்ட்ஃப்ளை சத்தமில்லாமல் ஒரு சோதனை வைக்கிறது. வட்டில் ஒரு சின்னக் கோப்பை எழுதி, அதைப் படித்துக் காட்டச் சொல்கிறது. படிக்க முடிந்தால் வீட்டு ஆள். வேறு கணினியில் இருப்பவரால் அந்தக் கோப்பைப் படிக்க முடியாது. அவருக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு வேண்டும். இதையும் முடித்தால், சம்பளச் செயலி மறுபடி எழுந்து நிற்கும். ஒரே மாற்றத்தால் வந்த தடைகள் இத்தனை. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பின்னால் மறைந்திருந்தது.

இந்தக் கதையில் வராத ஒரு பொறியையும் சொல்லியாக வேண்டும். ஆர்எம்ஐ முறையில் பேசும் சர்வர்களில் லுக்கப் வெற்றி பெற்ற பிறகும் வேலை நடக்காமல் போவதுண்டு. ரெஜிஸ்ட்ரி நமக்குத் தருவது பொருளை அல்ல, 'ஸ்டப்' என்ற ஒரு சீட்டை. உண்மையான பொருள் எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். எழுதுவது சர்வர். தன் முகவரி என்ன என்று அது தன் கணினியையே கேட்டு எழுதுகிறது. முன்பு சொன்ன ஹோஸ்ட்ஸ் கோப்பு இங்கேதான் குறுக்கே வருகிறது. டெபியன், உபுண்டு கணினிகள் பலவற்றில் அந்தக் கோப்பு கணினியின் சொந்தப் பெயரை 127.0.1.1 என்ற உள்முகவரியோடு கட்டி வைத்திருக்கும். சர்வர் அதையே சீட்டில் எழுதி அனுப்பிவிடும். வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தவர், முகவரிக்குப் பதில் 'இங்கேதான்' என்று எழுதிக் கொடுத்தது போல. சீட்டைப் பிரித்த கிளையன்ட் தன் வீட்டுக் கதவையே தட்டிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று பிழை எழுதும். சர்வர் தொடங்கும்போதே ஆர்எம்ஐ-க்கான ஹோஸ்ட்நேம் பிராப்பர்ட்டியில் வெளியாருக்குத் தெரியும் முகவரியைக் கொடுத்தால் இது தீரும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் 1099-ஐ மட்டும் திறந்தால் போதாது, சீட்டில் உள்ள இரண்டாவது போர்ட்டையும் நிலையாக்கித் திறக்க வேண்டும். கன்டெய்னர்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். டாக்கருக்குள் ஓடும் செயலிக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரே.

அத்தை உதாரணத்துக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. 'ஜாவா:காம்ப்' என்று கேட்பது எந்தச் செயலி என்பதை டாம்கேட், கேட்கும் த்ரெட்டோடு ஒட்டியிருக்கும் கிளாஸ் லோடரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. வேலையைப் பிரித்து ஜாவாவின் பொதுவான த்ரெட் குழுவுக்கு அனுப்பினால், ஜாவா 9 முதல் அந்த த்ரெட்கள் சிஸ்டம் கிளாஸ் லோடரோடுதான் வருகின்றன. எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று டாம்கேட்டுக்குத் தெரியாது. முன்பகுதியில் கிடைத்த டேட்டாபேஸ், பின்னணி வேலையில் கிடைக்காமல் போவது இதனால்தான். லுக்கப்பை முன்கூட்டியே செய்து, கிடைத்த பொருளைக் கையோடு கொடுத்து அனுப்பினால் போதும்.

பெயர் கிடைத்தும் பின்னால் ஒன்றும் இல்லாமல் இருப்பதும் உண்டு. டேட்டாபேஸ் டிரைவரின் கிளாஸ் பெயர் காலி, யூஆர்எல் 'நல்' என்று டாம்கேட் சொன்னால், டிரைவரைச் சந்தேகிக்க வேண்டாம். செயலி தன் பக்கத்தில் இன்ன பெயரில் ஒன்று வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சர்வர் பக்கத்தில் அதே பெயரில் யாரும் எதையும் வைக்கவில்லை. அண்மைக் காலத்தில் கூடுதலாக ஒரு தடுமாற்றம் வந்திருக்கிறது. ஜாவா இஇ, ஜகார்த்தா ஆனபோது 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய பல பேக்கேஜ்கள் பெயர் மாறின. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேடி மாற்றியவர்கள் 'ஜாவாஎக்ஸ்.நேமிங்' பேக்கேஜையும் மாற்றி உடைத்துக்கொண்டார்கள். அது ஜாவாவின் அடிப்படைப் பகுதி, பழைய பெயரிலேயே தொடர்கிறது.

யாரிடம் கேட்பது என்ற கேள்வியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் உலகமே பார்த்தது. லாக்4ஜே என்ற லாக் எழுதும் நூலகத்துக்கு 2013-இல் ஒரு வசதி சேர்க்கப்பட்டிருந்தது. லாக்கில் எழுதப்படும் வரிக்குள் டாலர் குறியும் நெளி அடைப்புமாக ஒரு ஜேஎன்டிஐ பெயர் இருந்தால், நூலகம் அதை லுக்கப் செய்து, கிடைத்ததை வரியில் நிரப்பும். ஆனால் லாக்கில் எழுதப்படும் வரிகளில் பல, வெளியாள் அனுப்பியவைதானே! யாரோ ஒருவர் பயனர் பெயர் கட்டத்தில் தன் எல்டாப் சர்வரின் முகவரியைத் தட்டினால், நம் சர்வர் அதை லாக்கில் எழுதப் போய், அந்த அந்நியனிடமே பெயரைக் கேட்டு, அவன் காட்டும் நிரலை வாங்கி ஓட்டிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே போதுமாக இருந்தது. அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழு 2021 நவம்பர் 24 அன்று, அந்த நூலகத்தைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்புக்கு இதைத் தெரிவித்தது. ஆபத்தின் அளவை மதிப்பிடும் சிவிஎஸ்எஸ் அளவுகோலில் 10-க்கு 10 கொடுத்தார்கள். ஜேஎன்டிஐ வழியாக இப்படி நிரலை ஏற்ற முடியும் என்று 2016 பிளாக் ஹாட் மாநாட்டிலேயே ஆய்வாளர்கள் விளக்கியிருந்தார்கள் என்பதுதான் வேதனை. ஜாவா 8-இன் 191-ஆம் திருத்தம் முதல், எல்டாப் வழியாகத் தொலைவிலிருந்து கிளாஸை இறக்குவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. லாக்4ஜே 2.16.0-இல் ஜேஎன்டிஐ வசதியே இயல்பாக அணைக்கப்பட்டது.

இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க நான் நம்புவது ஒரு சிறு நிரலை. பத்து வரிக்குள் அடங்கும் லுக்கப் நிரல் ஒன்றை, டாம்கேட் இல்லாமல் தனியாக, அதே கணினியில், அதே பயனர் கணக்கில் ஓட்டிப் பார்ப்பேன். அங்கே கிடைத்து டாம்கேட்டில் கிடைக்கவில்லை என்றால் சிக்கல் டாம்கேட் பக்கம். இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் நெட்வொர்க்கையும் எதிர் சர்வரையும் பார்க்கலாம். கணினிப் பெயரைச் சோதிக்க என்எஸ்-லுக்கப்பைவிட கெட்-என்ட் கட்டளை பொருத்தமானது. முன்னது டிஎன்எஸ் சர்வரை மட்டும் கேட்கும், பின்னது ஜாவாவைப் போலவே ஹோஸ்ட்ஸ் கோப்பையும் சேர்த்துப் பார்க்கும். டிஎன்எஸ் முகவரியை மாற்றிய உடனே சோதிக்கவும் கூடாது. கிடைத்த முகவரியை ஜாவா இயல்பாக 30 வினாடி நினைவில் வைத்திருக்கும். செக்யூரிட்டி மேனேஜரோடு ஓடும் பழைய நிறுவல்களில், மறு தொடக்கம் வரை மறக்காது.

சம்பளச் செயலி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு வேலை மிச்சம். டாம்கேட் கணினியிலிருந்து வெளியே போகும் இணைப்புகளை ஃபயர்வாலில் அடைத்துவிட்டு, வைல்ட்ஃப்ளையின் 8080, டேட்டாபேஸின் போர்ட், டிஎன்எஸ் ஆகிய மூன்றை மட்டும் திறந்து வைப்பேன். எந்த நூலகம் எந்த அந்நியனிடம் நேரடியாகப் பெயர் கேட்கப் புறப்பட்டாலும் அந்த வாசலில் நின்றுவிடும்.